அபூகிர் விரிகுடா: மணல்திட்டை நம்பி நின்ற கப்பற்படை

கேள்வி இதுதான்: "1798-ல் எகிப்தின் அபூகிர் விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பற்படையும் பிரிட்டிஷ் கப்பற்படையும் ஏறக்குறைய சம பலத்தோடு மோதின. அப்படியிருந்தும் ஒரே ராத்திரியில் பிரெஞ்சுப் படை அழிந்தது, பிரிட்டிஷார் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. இது பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் திறமையா, அதிர்ஷ்டமா? இன்றைக்கு அங்கே போனால் பார்க்க ஏதாவது உண்டா?"

நெல்சனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்த விரிகுடாவிலிருந்து தொடங்குகிறேன். என் கணிப்பில், அந்தப் போரின் பாதி முடிவு பீரங்கி வெடிப்பதற்கு முன்பே அந்தக் கடலின் அடித்தரையிலும் அன்றைய காற்றிலும் எழுதப்பட்டுவிட்டது. அதைச் சரியாகப் படித்தவர்கள் ஜெயித்தார்கள்.

அலெக்சாந்திரியாவிலிருந்து கரையோரமாகக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலமுனை வரும். அதன்மேல் இருக்கிற ஊர் அபூகிர். கிர் என்பது பழங்காலக் கிறிஸ்தவ மறைசாட்சி ஒருவரின் பெயர். அங்கிருந்து கிழக்கே ரஷீத் ஊருக்கு அருகில் நைல் நதியின் ஒரு கிளை கடலில் விழும் இடம்வரை அரைவட்டமாக உள்வாங்கிக் கிடக்கிறது இந்த விரிகுடா. பல ஆயிரம் ஆண்டுகளாக நைல் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் அதன் அடித்தரை. அதனால் ஆழம் சட்டென்று இறங்காது, மெல்ல மெல்லச் சரியும். பெரிய போர்க்கப்பலுக்குக் குறைந்தது 7 மீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். அந்த ஆழம் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித்தான் கிடைக்கும். நிலமுனைக்கு எதிரே ஒரு சிறு தீவு, அதைச் சுற்றிப் பாறையும் மணல்திட்டும். வடக்குப் பக்கம் முழுக்கத் திறந்த கடல். ஆக, கப்பல் ஒதுங்கி நிற்கலாம், ஆனால் இதைத் துறைமுகம் என்று சொல்ல முடியாது.

பிறகு ஏன் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே போய் நின்றார்கள்? 1798 மே 19 அன்று நெப்போலியன் துலோன் துறைமுகத்திலிருந்து பெரும்படையோடு கிளம்பினார். ஜூன் மாதம் வழியில் மால்டாவைப் பிடித்தார். ஜூலை 1 அன்று எகிப்துக் கரையில் இறங்கினார். படைகளை இறக்கிவிட்ட பிறகு போர்க்கப்பல்களை எங்கே நிறுத்துவது என்பது பெரிய பிரச்சினையானது. அலெக்சாந்திரியாவின் பழைய துறைமுகத்துக்குள் நுழையும் வழி குறுகலானது, ஆழமும் போதாது. ஒருமுறை உள்ளே போய்விட்டால் எதிரி வாசலில் வந்து நின்றதும் வெளியே வரவே முடியாது. ஆழம் அளந்து பார்த்த அதிகாரி ஒருவர் நுழைய முடியும் என்றுதான் அறிக்கை கொடுத்தார். ஆனால் கப்பற்படைத் தளபதி புரூயெவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அவருடைய தலைமைக் கப்பல் லோரியான், ஏறத்தாழ 120 பீரங்கிகள் கொண்ட மூன்றடுக்குக் கப்பல், அந்தக் காலத்தின் மிகப் பெரிய போர்க்கப்பல்களில் ஒன்று. அதைக் கொண்டுபோய் மணலில் ஏற்றிவிட யாருக்கு மனம் வரும்? கிரேக்கத்தின் பக்கம் கோர்பூ தீவுக்குப் போய்விடலாம் என்ற வழியும் இருந்தது. ஆனால் கப்பல்களில் உணவும் குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தன, தரையில் இருக்கும் படையைக் கைவிட்டுப் போகவும் தயக்கம். அதனால் அபூகிர். தோற்ற பிறகு நெப்போலியன் எல்லாப் பழியையும் செத்துப்போன புரூயெ மேல் போட்டார். அது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். அந்த மனிதருக்குக் கிடைத்த மூன்று வழிகளில் ஒன்றுகூட நல்ல வழி இல்லை.

ஆனால் நின்ற விதத்தில் தவறு இருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அந்தக் காலக் கடற்போரில் வரிசையில் நின்று சண்டை போடும் கப்பல்களின் பலம் எல்லாம் பக்கவாட்டில்தான் இருக்கும். 74 பீரங்கிக் கப்பல் என்றால் வலப்பக்கம் பாதி, இடப்பக்கம் பாதி. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒன்றிரண்டு பீரங்கிகளுக்கு மேல் இருக்காது. புரூயெவிடம் அப்படிப்பட்ட பெரிய கப்பல்கள் 13, சற்றுச் சிறிய ஃபிரிகேட் வகைக் கப்பல்கள் 4. பெரிய கப்பல்களை இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரே வரிசையாக, கரைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நிறுத்தினார். வரிசையின் தலைக்கப்பல் தீவைச் சுற்றியுள்ள திட்டுக்குப் பக்கத்தில். அவர் மனதில் இருந்த படம் ஒரு கோட்டைச் சுவர். ஒரு முனையைத் திட்டு காக்கும். முதுகுப்பக்கம் ஆழமில்லாத தண்ணீர், அங்கே எவனும் வர முடியாது. எதிரி வந்தால் கடல் பக்கமிருந்து, அதுவும் நடுவிலோ வாலிலோதான் மோதுவான். அதனால் வலுவான கப்பல்களை நடுவிலும் பின்னாலும் வைத்தார். தலைப்பக்கத்தில் பழைய, தளர்ந்த கப்பல்கள். முதலில் நின்ற கெரியே வயதான கப்பல். இரண்டாவது கோன்கேரான் அதைவிட மோசம். அதன் உடல் தாங்காது என்று சிறிய பீரங்கிகளை ஏற்றியிருந்தார்கள், ஆட்களும் குறைவு.

படம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது உண்மையாக வேண்டுமானால் தலைக்கப்பல் திட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். கெரியேவுக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு பெரிய கப்பல் தாராளமாக நுழையும் அளவுக்கு ஆழமான தண்ணீர் விட்டுப்போயிருந்தது. கப்பலுக்கும் கப்பலுக்கும் நடுவே ஏறத்தாழ 150 மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிகளை வடம் கட்டி அடைக்கச் சொல்லி உத்தரவு போனது, ஆனால் முழுக்க நிறைவேறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல்கள் அணியத்தில், அதாவது முன்முனையில், ஒற்றை நங்கூரம் மட்டும் போட்டு நின்றன. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே தெரியும். ஒற்றை நங்கூரத்தில் நிற்கிற கலம் காற்று திரும்பினால் தானும் திரும்பும். நங்கூரத்தை மையமாக வைத்து ஒரு வட்டமே போடும்.

இந்த வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போரின் திறவுகோல் அதுதான்.

இப்போது நெல்சன் பக்கம். மே மாதமே அவருடைய வான்கார்ட் கப்பல் சார்தீனியா அருகே புயலில் சிக்கிப் பாய்மரங்களை இழந்தது. கூட இருந்த ஃபிரிகேட் கப்பல்கள் பிரிந்து போய்விட்டன. வேவு பார்க்கக் கண்கள் இல்லாமலேயே மத்தியதரைக் கடல் முழுக்கத் தேடினார். ஜூன் கடைசியில் அலெக்சாந்திரியாவுக்கே வந்துவிட்டார், துறைமுகம் காலி. அவர் அவசரமாகக் கிளம்பிப் போன பிறகு ஓரிரு நாளில் பிரெஞ்சுப் படை அங்கே வந்து சேர்ந்தது. அதற்குச் சில நாள் முன்னால் இரண்டு படைகளும் இருட்டில் ஒன்றையொன்று அறியாமல் கடந்து போயிருந்தன. அன்றைக்கு மோதியிருந்தால் நெப்போலியன் கதையே முடிந்திருக்கலாம். அதிர்ஷ்டம் என்று கேட்டீர்களே, ஜூன் மாதத்தில் அது முழுக்கப் பிரெஞ்சுக்காரர் பக்கம்தான் இருந்தது.

தேடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் நெல்சன் ஒரு காரியம் செய்தார். கடல் அமைதியாக இருந்த நாள்களில் கேப்டன்களைத் தன் கப்பலுக்கு அழைத்து, எதிரி நங்கூரத்தில் நின்றால் என்ன செய்வது, பாய் விரித்து ஓடினால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பப் பேசினார். இதனால் போர் நேரத்தில் கொடிச் சைகை தெரியாவிட்டாலும், புகை மூடிக்கொண்டாலும், தலைவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 1 மதியம். அலெக்சாந்திரியாவில் பிரெஞ்சுக் கொடிகள் தெரிந்தன, ஆனால் சரக்குக் கப்பல்கள்தான் நின்றன. கிழக்கே நகர்ந்தபோது, மதியம் இரண்டரை மணி அளவில் ஜெலஸ் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து ஆள் பார்த்துவிட்டான். விரிகுடாவில் வரிசையாகப் போர்க்கப்பல்கள்! பிரிட்டிஷ் கப்பல்கள் சிதறிக் கிடந்தன. இரண்டு கப்பல்கள் அலெக்சாந்திரியாவைப் பார்க்கப் போய்ப் பின்தங்கியிருந்தன. கலோடன் கப்பல், தான் பிடித்த திராட்சை மது ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்றை இழுத்துக்கொண்டு வெகு பின்னால் வந்தது. அந்த இடத்துக்கு நம்பகமான கடல்வரைபடம் யாரிடமும் இல்லை. இன்னும் சில மணி நேரத்தில் இருட்டிவிடும். இந்த நிலையில் யாராக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருப்பார்கள். புரூயெவும் அப்படித்தான் நினைத்தார். அவருடைய ஆட்கள் நிறையப் பேர் தண்ணீருக்குக் கிணறு தோண்டவும், தோண்டுகிறவர்களுக்குப் பாதுகாப்பாகவும் கரையில் இருந்தார்கள். அவரே வயிற்றுக்கடுப்பால் வதங்கிப்போயிருந்தார். பாய் விரித்து வெளியே போய்ச் சண்டை போடலாம் என்று ஆலோசனையில் வாதாடியவர்கள் உண்டு. தொன்னான் கப்பலின் கேப்டன் தூப்பெத்தி துவார் அவர்களில் ஒருவர். பாயையும் பீரங்கியையும் ஒரே நேரத்தில் கையாள ஆள் போதாது என்பதால் நங்கூரத்திலேயே நின்று சண்டை போடுவதென்று முடிவானது.

நெல்சன் காத்திருக்கவில்லை. காரணம் காற்று. அன்று வடமேற்கும் வடக்கும் கலந்த காற்று, பிரெஞ்சு வரிசையின் தலையிலிருந்து வாலை நோக்கி நேராக வீசியது. இதன் பலனை யோசித்துப் பாருங்கள். தலைப்பக்கத்தில் அடித்தால், வால்பக்கத்தில் இருக்கிற வலுவான கப்பல்கள் உதவிக்கு வர எதிர்க்காற்றில் வர வேண்டும். பாய்க்கப்பலால் அது லேசில் ஆகாத காரியம். பதின்மூன்று பேரோடு சண்டை போட வேண்டாம். முதலில் ஐந்தாறு பேரை இரண்டு பங்கு பலத்தோடு அடிக்கலாம், மீதிப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்படிப்பட்ட காற்று மறுநாள் இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

பிரிட்டிஷ் கப்பல்கள் உள்ளே நுழையும்போது புரூயெ ஒரு தந்திரம் செய்தார். சிறிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைத் திட்டின் மேலாக ஓடவிட்டார். அதற்கு ஆழம் குறைவாக இருந்தால் போதும். பின்தொடர்ந்து வரும் பெரிய கப்பல் மாட்டிக்கொள்ளும். யாரும் ஏமாறவில்லை. ஜெலஸ் கப்பலின் கேப்டன் ஹுட், கோலியாத் கப்பலின் கேப்டன் ஃபோலி இருவரும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகம் பாகமாக ஆழம் பார்த்துக்கொண்டே முன்னேறினார்கள். நம் மீனவர்கள் இன்றும் ஆழத்தைப் பாகக் கணக்கில்தானே சொல்கிறார்கள். இரு கை விரித்த அளவு, ஏறத்தாழ 1.8 மீட்டர். அன்று அந்த இரண்டு கப்பல்களில் குண்டு இறக்கிய ஆட்களின் குரல்தான் பின்னால் வந்த கப்பல்களுக்கு எல்லாம் வழி.

மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு முதல் பீரங்கி வெடித்தது. முன்னால் வந்த ஃபோலி, கெரியேவின் மூக்குக்கு நேரே வந்ததும் அந்த வட்டத்தைக் கண்டுகொண்டார். கெரியே ஒற்றை நங்கூரத்தில் நிற்கிறது. அது சுழல வேண்டுமானால் அதன் முன்னாலும் பின்னாலும் சுற்றிலும் அதற்குப் போதுமான ஆழம் இருக்க வேண்டும். அது சுழலக்கூடிய தண்ணீரில் தன் கப்பலும் மிதக்கும். இவ்வளவுதான் கணக்கு. கோலியாத்தைக் கெரியேவின் அணியத்துக்கு முன்னால் குறுக்காக ஓட்டி, முன்முனையிலிருந்து நீளவாக்கில் ஒரு வரிசை பீரங்கியைச் சுட்டுவிட்டு, கரைப்பக்கம் போய்விட்டார். ஜெலஸ் பின்தொடர்ந்தது. பிறகு இன்னும் மூன்று கப்பல்கள். யாரும் வர முடியாது என்று புரூயெ நினைத்த பக்கத்தில் இப்போது ஐந்து பிரிட்டிஷ் கப்பல்கள்.

கரைப்பக்கத்துப் பீரங்கிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் தயாராகவே வைத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் மூட்டை முடிச்சுகளும் சாமான்களும் அடைந்து கிடந்தன. சூரியன் கடலில் இறங்கிய அதே நேரத்தில் கெரியேவின் முன்பாய்மரம் சரிந்தது. அதைப் பார்த்துப் பின்னால் வந்த கப்பல்களிலிருந்தெல்லாம் ஆரவாரம் எழுந்ததாகப் போரில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நெல்சன் வான்கார்டைக் கடல் பக்கத்திலேயே நிறுத்தினார். இப்போது பிரெஞ்சு வரிசையின் தலைப்பாதி இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டது. உள்பக்கம் நுழைவது நெல்சன் முன்பே சொன்ன யோசனையா, ஃபோலியின் சொந்த முடிவா என்று இரண்டு நூற்றாண்டாக வாதம் நடக்கிறது. அந்த நொடியில் முடிவு எடுத்தவர் ஃபோலி என்றே நான் நினைக்கிறேன். அப்படி முடிவெடுக்கத் தயங்காத கேப்டன்களை உருவாக்கிய பெருமை நெல்சனுக்கு. இரண்டு பக்கமும் நின்று சுட்டால் நம் குண்டு நம் ஆட்கள் மேலேயே விழும் என்று பிற்பாடு குறை சொன்ன பிரிட்டிஷ் கேப்டனும் இருந்தார். அதிலும் உண்மை இருக்கிறது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. பின்காற்றில் வரும் கப்பல் வழக்கம்போல் அணியத்தில் நங்கூரம் போட்டால், கப்பல் அப்படியே சுழன்று காற்றைப் பார்த்துத் திரும்பும். அந்தச் சில நிமிடங்கள் எதிரிக்குப் பின்முனையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அது தற்கொலை. அதனால் நெல்சன் பின்பக்கத்தில் நங்கூரம் போடும்படி முன்பே வடங்களைத் தயார் செய்யச் சொல்லியிருந்தார். வந்த வேகத்தில் பின்நங்கூரத்தைப் போட்டதும் கப்பல் திரும்பாமல் அப்படியே எதிரிக்கு இணையாக நின்றுவிடும். இருட்டில் ஒருவரையொருவர் சுடாமல் இருக்க ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலும் பின்பாய்மரத்தில் நான்கு விளக்குகளைக் கிடைவரிசையாக ஏற்றியது.

எல்லாமே கச்சிதமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பெல்லரொபன் கப்பல் தவறிப்போய் லோரியானுக்கே பக்கத்தில் வந்து நின்றது. 74 பீரங்கி ஒரு பக்கம், 120 பீரங்கி மறுபக்கம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பாய்மரங்கள் சாய்ந்து, ஏறத்தாழ 200 பேர் செத்தும் காயம்பட்டும் கிடக்க, வரிசையை விட்டு மிதந்து போனது. மெஜஸ்டிக் கப்பலின் கேப்டன் வெஸ்ட்காட் கழுத்தில் குண்டு பட்டு இறந்தார். பின்னால் அவசரமாக வந்த கலோடன் தீவருகே திட்டில் ஏறி மாட்டிக்கொண்டது, போர் முடியும்வரை நகரவே இல்லை. ஆனால் அதுவே அடுத்து வந்த மூன்று கப்பல்களுக்கு எச்சரிக்கை விளக்குபோல ஆகிவிட்டது. நெல்சனுக்கு நெற்றியில் இரும்புத்துண்டு கிழித்துத் தோல் தொங்கி, பார்வை உள்ள ஒரே கண்ணையும் மூடிவிட்டது. வலக்கண் பார்வை நான்கு ஆண்டுகளுக்கு முன் கோர்சிகாவில் போனது, வலக்கை முந்தின ஆண்டு தெனெரிஃபில் போனது. இந்தமுறை உயிரே போய்விட்டது என்றுதான் நினைத்தார். கீழ்த்தளத்தில் மருத்துவர் ஓடி வந்தபோது, மற்ற மாலுமிகளைப் பார்த்து முடியுங்கள், என் முறை வரும்போது பாருங்கள் என்றார்.

பீரங்கித் தளங்களில் பெண்களும் இருந்தார்கள். அதிகாரபூர்வப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. மாலுமிகளின் மனைவிமார்கள் கப்பலிலேயே வாழ்ந்தார்கள். கோலியாத்தின் வெடிமருந்து அறையில் வேலை செய்த ஜான் நிக்கோல் என்ற மாலுமி பிற்காலத்தில் தன் நினைவுகளைச் சொன்னார். பெண்களும் சிறுவர்களும் வெடிமருந்துப் பொதிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், சில பெண்கள் காயம்பட்டார்கள், அவர்களில் ஒருத்தி செத்தாள், அந்தச் சண்டையின் நடுவே ஒரு பெண் பிள்ளை பெற்றாள் என்கிறார். தளபதிகளின் கடிதங்களில் கிடைக்காத சேதி இது. எனக்கு அந்த இரவு நிஜமாகத் தெரிவது இந்த மாலுமியின் வாய்வழியாகத்தான்.

லோரியானுக்கு வருவோம். புரூயெ மூன்று முறை காயம்பட்டார். கடைசிக் குண்டு உடலை ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. கீழே தூக்கிப்போக வந்தவர்களைத் தடுத்து, மேல்தளத்திலேயே உயிரை விட்டார். ஒன்பது மணி அளவில் கப்பலில் தீ தெரிந்தது. பிரிட்டிஷ் கப்பல்கள் அந்தத் தீயைக் குறிவைத்தே சுட்டன, அணைக்க யாராலும் நெருங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த கப்பல்கள் வடத்தை வெட்டி விலகின. பலகை இடுக்குகளை நனைத்து, வெடிமருந்தை மூடி, ஆட்களை வாளியோடு நிறுத்தி எல்லோரும் காத்திருந்தார்கள். பத்து மணி வாக்கில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஆயிரம் பேர் அளவில் இருந்த கப்பல் அப்படியே வானத்துக்குப் போனது. கேப்டன் கசாபியாங்காவும் அவருடைய சின்னப் பையனும் அதில் போனார்கள். வெடித்த பிறகு இரண்டு தரப்பும் சில நிமிடங்கள் ஒரு பீரங்கியைக்கூடச் சுடவில்லை.

அதன் பிறகும் சண்டை தொடர்ந்தது. தொன்னானில் தூப்பெத்தி துவார் கைகால்களில் மூன்றை இழந்த நிலையில், ரத்தம் போவதை நிறுத்தத் தவிடு நிறைந்த தொட்டிக்குள் தன்னை வைக்கச் சொல்லி, சாகும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். கொடியை இறக்கவே கூடாது என்று மரத்தோடு ஆணி அடிக்கச் செய்தார். வெளியே போய்ச் சண்டை போடலாம் என்று முன்பு வாதாடியவர்களில் இவரும் ஒருவர் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

வால்பக்கத்தில் நின்ற பிரெஞ்சுத் தளபதி வில்நெவ் இரவு முழுக்க அசையவில்லை. எதிர்க்காற்று, உத்தரவு வரவில்லை என்று பிற்பாடு காரணம் சொன்னார். காற்றைப் பற்றிச் சொன்னது பெரிய அளவில் உண்மை, ஆனால் முயற்சிகூடச் செய்யவில்லையே என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. மறுநாள் இரண்டு பெரிய கப்பல்களோடும் இரண்டு ஃபிரிகேட்களோடும் தப்பிப் போனார். ஏழு ஆண்டுகள் கழித்து டிரஃபால்கரில் நெல்சனிடம் தோற்ற தளபதியும் இவரே. கணக்கு இப்படி முடிந்தது: 13 பெரிய பிரெஞ்சுக் கப்பல்களில் 9 பிடிபட்டன, லோரியான் வெடித்தது, ஒன்றை அதன் ஆட்களே கரையேற்றிக் கொளுத்தினார்கள், 2 தப்பின. பிரிட்டிஷ் தரப்பில் 218 பேர் சாவு, ஏறத்தாழ 680 பேர் காயம். பிரெஞ்சுத் தரப்பில் செத்தவர்களின் மதிப்பீடு 2,000 முதல் 5,000 வரை போகிறது.

நெப்போலியனோடு வந்த ஓவியர் தெனோன் ரஷீத் அருகே ஒரு கோபுரத்தின் மேலிருந்து இந்தப் போரைப் பார்த்தார். வெடிப்பின் வெளிச்சம் தெரிந்தது, ஆனால் யார் வெடித்தது, யார் ஜெயித்தது என்று தெரியவில்லை. பின்னர் அந்தக் கரையோரம் நடந்தபோது உடல்களும் உடைந்த மரங்களும் ஒதுங்கிக் கிடந்தன. அந்தப் பக்கத்து அரபு மக்கள் பாய்மரங்களையும் பீரங்கி வண்டிகளையும் கொளுத்தி, சாம்பலில் கிடைக்கும் இரும்பு ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நம் பக்கத்துத் தொடர்பு. எகிப்தைப் பிடித்து, அங்கிருந்து இந்தியாவில் பிரிட்டிஷாரை நெருக்குவது நெப்போலியனின் கனவுகளில் ஒன்று. திப்பு சுல்தான் ஏற்கெனவே மொரீஷியஸுக்குத் தூதர்களை அனுப்பிப் பிரெஞ்சு உதவி கேட்டிருந்தார். இளவயதில் சீஹார்ஸ் கப்பலில் சென்னைவரை வந்து போன நெல்சனுக்கு இந்தச் செய்தி எங்கே எட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. போர் முடிந்த சில நாளிலேயே ஜெலஸ் கப்பலின் டுவால் என்ற இளம் அதிகாரியைத் தரைவழியாக அலெப்போ, பாக்தாத், பஸ்ரா என்று அனுப்பினார். அக்டோபரில் அவர் பம்பாய் வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி நெல்சனுக்கு 10,000 பவுண்டு பரிசு கொடுத்தது, அவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதற்கு அதுவே சாட்சி. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதம் வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கியது. பிப்ரவரியில் வேலூரிலிருந்து பிரிட்டிஷ் தளபதி ஹாரிஸின் படை கிளம்பியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். அபூகிர் போரே திப்புவின் முடிவுக்குக் காரணம் என்று சொல்வது அதிகப்படி. மைசூரோடு போருக்குக் கம்பெனி எப்படியும் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் செங்கடல் வழியாகப் பிரெஞ்சு உதவி வரக்கூடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே அந்த விரிகுடாவில் போய்விட்டது.

அதே கரையில் பிறகும் ரத்தம் சிந்தியது. 1799 ஜூலை 25 அன்று அங்கே இறங்கிய துருக்கிப் படையை நெப்போலியன் கடலுக்குள் விரட்டியடித்தார். ஒரு மாதத்தில் படையை எகிப்திலேயே விட்டுவிட்டுப் பிரான்ஸுக்குக் கிளம்பினார். 1801 மார்ச் 8 அன்று பிரிட்டிஷ் படை அதே விரிகுடாவில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே படகுகளில் வந்து இறங்கியது. அந்த ஆண்டே இன்னொரு படை இந்தியச் சிப்பாய்களோடு செங்கடல் வழியாக வந்து, பாலைவனத்தைக் கடந்து நைல் கரையை அடைந்தது. அந்தப் படையை வேறு வேலைக்காக முதலில் திரட்டிய இடம் திருகோணமலை.

சரி, திறமையா அதிர்ஷ்டமா? காற்று அதிர்ஷ்டம்தான். ஆனால் அதே காற்று புரூயெவின் கொடிமரத்திலும்தான் வீசியது. அது தலையிலிருந்து வாலுக்கு வீசுகிறது, வால் உதவிக்கு வர முடியாது என்பதை அவரும் கணக்கில் எடுத்திருக்கலாம். அந்தக் கரையில் கோடைக்காலம் முழுக்கப் பெரும்பாலும் வடக்கு, வடமேற்குக் காற்றுதான். திட்டும் திடீரென்று முளைத்ததில்லை, அது எங்கே தொடங்குகிறது என்று படகில் போய் அளந்து பார்க்க அவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் நேரம் இருந்தது. ஃபோலிக்கு அரைமணி நேரம்கூட இல்லை.

கடைசியாக, இன்றைக்குப் பார்க்க என்ன இருக்கிறது? போரின் தடயம் எதுவும் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அபூகிர் இப்போது மீன் உணவுக்குப் பேர்போன ஊர். அலெக்சாந்திரியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக மீன் சாப்பிட வருவார்கள். விஷயம் எல்லாம் தண்ணீருக்கடியில். 1990-களின் கடைசியில் கடலடித் தொல்லியலாளர் பிராங்க் கோடியோவின் குழுவினர் லோரியானின் சிதைவுகளை ஆராய்ந்தார்கள். பீரங்கிகள், பல நாட்டு நாணயங்கள், நெப்போலியன் எகிப்துக்குக் கொண்டுவந்த அச்சகத்தின் ஈய எழுத்துகள்கூடக் கிடைத்தன. சிதைவுகள் பரவிக்கிடந்த விதத்தை வைத்து இரண்டு வெடிப்புகள் நடந்திருக்க வேண்டும் என்றார்கள். அதே குழு 2000-ல் கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில், பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு நகரத்தையே கண்டது. கிரேக்கர் ஹெராக்ளியான் என்றும் எகிப்தியர் தோனிஸ் என்றும் சொன்ன ஊர், அலெக்சாந்திரியாவுக்கு முன் எகிப்தின் பெரிய துறைமுகம். நிலநடுக்கத்தாலும் வண்டல் மண் இளகியதாலும் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து கடலுக்குள் போய்விட்டது. ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான நைல் வெள்ளத் தெய்வம் ஹாபியின் செங்கருங்கல் சிலை அங்கிருந்துதான் வந்தது. புரூயெவின் கப்பல்கள் நின்ற விரிகுடாவின் அடியில் இப்படி ஒரு துறைமுகம் கிடந்தது என்று அன்று யாருக்கும் தெரியாது. அங்கே கிடைத்த பொருள்களை அலெக்சாந்திரியா அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

அந்தச் சிறு தீவுக்கு இப்போது நெல்சன் தீவு என்று பெயர். கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே தோண்டிய தொல்லியலாளர்கள் 1798, 1801 காலத்துக் கல்லறைகளைக் கண்டார்கள். மாலுமிகள், சிப்பாய்கள், அவர்களோடு பெண்களும் குழந்தைகளும். அலை கொண்டுபோய்விடும் முன்னால் அவர்களில் 30 பேரின் எலும்புகளை எடுத்து, 2005 ஏப்ரலில் அலெக்சாந்திரியாவின் ஷாத்பி கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள். போகிறீர்கள் என்றால் அங்கேயும் ஒருநடை போய் வாருங்கள். நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது.